ஜவாத் சொல்லிக் கொடுத்தது

கலஃப் பாஷாவின் முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஆறத்தான் வேண்டும். பெண் கேட்டு வந்த கூட்டத்தின் தலைவர், பெண் வீட்டார் வாயால் 'சரி' வரும்வரை கோப்பையைத் தொடக்கூடாது. அம்மான் நகரத்தில் இந்த 'சரி' வராமல் போனதாக யாருக்கும் நினைவில்லை. எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்ததுதான். கீழே காருக்குள் குனாஃபா இனிப்புத் தட்டுகள்கூட நூல் கட்டியபடி தயாராக இருந்தன.

மிச்சமிருந்தது பாஷாவின் பேச்சு மட்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் ராணுவம் அவர் தொண்டையை விட்டுப் போகவில்லை. ஆதம் நபியிலிருந்து தொடங்கியிருந்தார். இப்போதுதான் நூஹ் நபியின் கப்பலில் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தலால் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இந்தச் சபையில் மாப்பிள்ளைக்கு உள்ள ஒரே வேலை அதுதான். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது.

தலால் இன்று வாயைத் திறப்பதாக இருந்தான்.

லுஜைன் வேலையை விட வேண்டும். ஏதோ ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் முன்னால் ஏதோ தட்டுகிறாள். எதுவாக இருந்தாலும் விட வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், இதற்கு மட்டும் "பாக்கலாம்" என்றாள். நிக்காஹ் ஆனபின் அந்தப் 'பாக்கலாம்' என்னவாக மாறும் என்று யார் கண்டது? இன்றே, இத்தனை தாடிகள் சாட்சியாக, அவள் அப்பா வாயால் அதை வாங்கிவிட வேண்டும்.

வழி சொன்னவன் ஜவாத்.

ஜவாத் என்று உலகத்தில் ஒருவன் இல்லை. போனில் வாராவாரம் வரும் காதல் கதை விளையாட்டின் நாயகன் அவன். விளையாடுகிறவர் நாயகியாகத்தான் விளையாட முடியும். ஜவாத் பேசுவான், கீழே வரும் பதில்களில் ஒன்றை அவள் தொட வேண்டும். ஊர்ப் பெண்களெல்லாம் அவனுக்காக உருகுவதைப் பார்த்த தலால், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தானும் நாயகியாகி அவன் வித்தைகளைப் படித்தான்.

பெரிய வித்தையொன்றுமில்லை. ஜவாத் "வருகிறாயா?" என்று கேட்கமாட்டான். "காரிலா, நடந்தா?" என்பான். வராமலிருக்கப் பொத்தானே கிடையாது.

"சமையலறைக்குப் பச்சையா, வெள்ளையா?" என்று தலால் லுஜைனிடம் கேட்டான். அவள் கண்களைத் தாழ்த்தி "வெள்ளை" என்றாள். கதையில் நாயகி தாழ்த்துகிற மாதிரியே தாழ்த்தினாள். அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

இன்னொரு வாரம் ஜவாத் தன் போனை நாயகியிடம் நீட்டி, "நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு? உன்னுடையதைக் கொடு" என்றான். தலாலும் நீட்டினான். அவன் அவளுடைய போனைத் துருவித் துருவிப் பார்த்து முடிக்கும்வரை, அவனுடைய போன், அந்த விளையாட்டும் சேர்த்து, அவள் கையில் இருந்தது.

இன்று காலை வந்த அத்தியாயத்தில், பெண் கேட்கும் சபையில் ஜவாத் எழுந்து நின்றான். பெரியவரின் பேச்சை நிறுத்தினான். அவருடைய கோப்பையை எடுத்துக் கவிழ்த்தான். நிபந்தனையைச் சொன்னான். சபை வாயடைத்துப்போக, கதவோரம் நின்ற நாயகி கண்ணீரோடு "இவனல்லவா ஆண்!" என்றாள்.

பாஷாவின் கப்பல் கரை தட்டுகிற நேரம். தலால் எழுந்தான்.

"பாஷா, ஒரு நிமிஷம்."

போர்க்களத்தில்கூட யாரும் அவரை இடைமறித்ததில்லை. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

தலால் கோப்பையைக் கவிழ்த்தான். கொஞ்சம் தட்டில் விழுந்தது. மீதி பாஷாவின் வெள்ளை அங்கியில்.

"மாமா, உங்க பொண்ணு வேலைய விடணும். அத இப்பவே, இங்கயே, உங்க வாயால சொல்லுங்க. அப்புறம்தான் காபி."



லுஜைனின் அப்பா தலாலைப் பார்க்கவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பாஷாவைப் பார்த்தார். "பாஷா, நீங்க கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா? அல்லாஹ் அறிய, முடியாது."

"நான் எங்கப்பா கேட்டேன்?" பாஷா அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார். "கேக்க விட்டானா இவன்? கேக்காத பொண்ண யாரும் மறுக்கல. உன் வீட்டுக்கு ஒரு குறையும் கெடையாது." தலால் பக்கம் திரும்பினார். "என்னை எதுக்குடா கூட்டிட்டு வந்த? நாற்காலி காலியா இருக்குமேன்னா?"

பாஷா எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். வாடகை நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. உள்ளேயிருந்து பெண்ணின் குரல் எதுவும் வரவில்லை. தலால் கதவையே பார்த்தான். அங்கே கண்ணீரோடு யாரும் நிற்கவில்லை.

மாடிப்படியில் அவன் தங்கை ஹனீன், உள்ளறையிலிருந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்து அவனைப் பிடித்தாள்.

"பைத்தியமாண்ணா உனக்கு? சபையில வாயத் தொறக்கலாமா?"

"ஜவாத் தொறந்தானே! காலைல வந்த அத்தியாயத்துல…" நாக்கைக் கடித்துக்கொண்டான். தாமதமாகிவிட்டது.

ஹனீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அத வெளையாடுறியா?" சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "காலைலயா? நானும் படிச்சேன், உள்ள இருக்கற பொண்ணுங்க எல்லாம் படிச்சாங்க. ஜவாத் மூச்சே விடலண்ணா. பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான், குனாஃபா தின்னான், வீட்டுக்குப் போனான்."

"இல்ல, எந்திரிச்சான். என் போன்ல…"

ஹனீன் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கதைய எழுதுறதே லுஜைன்தான்ணா," என்றாள். கோபமெல்லாம் போய், குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "உனக்குன்னு தனியா ஒண்ணு எழுதியிருக்காங்க."