இடது வளைவில் ஒரு சத்தம்

கேட்டுவிட்டது.

முதல் வளைவிலேயே கேட்டுவிட்டது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், காதில் விழாததுபோல் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

வண்டி வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பேட்டரி கார். எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது, புகை கிடையாது. ஓடுகிறதா நிற்கிறதா என்பதே உள்ளே இருப்பவருக்குச் சந்தேகம்.

ஓட்டுவது ஜெசிந்தா. அவருடைய நண்பன் சகாயராஜின் மனைவி. சகாயராஜ் போய் ஐந்து மாதம் ஆகிறது.

கோவையில் பழைய கார் பைத்தியங்களுக்கென்று ஒரு குழு உண்டு. ஞாயிறு காலை ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் கூடுவார்கள். மோரிஸ் மைனரில் ஆரம்பிக்கும் பேச்சு, இப்போது வரும் வண்டிகளை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சர்க்கரை மாத்திரை, மருமகன், நேற்று வாங்கிய தக்காளி என்று எங்கெங்கோ போய் நிற்கும்.

வண்டியில் புதிதாக ஒரு சத்தம் வந்தால், அதைப் போனில் பதிவு செய்து அவருக்கு அனுப்புவது குழுவின் பழக்கம். கேட்டுவிட்டு நோய் இன்னதென்று எழுதிவிடுவார். மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஐந்து மாதமாக யாருக்கும் பதில் போடவில்லை. காது சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார்.

இன்று காலை ஜெசிந்தா இந்த வண்டியோடு மைதானத்துக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். சத்தமே போடாத வண்டிக்கு டாக்டர் எதற்கு என்று கேலி செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சர்வீஸ்காரர்கள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பத்து மணிக்கு மகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போக வேண்டும், ஹாஸ்டலில் விட வேண்டும். ஒரே ஒரு சுற்று வந்து கேட்டுச் சொன்னால் போதும் என்றாள்.

அத்தனை பேர் நடுவில் எப்படி மறுப்பது? ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு இடது வளைவு.

டக். டக்.



இந்த வண்டியில் வரக்கூடிய சத்தமே இல்லை அது. சகாயராஜின் பழைய வண்டி, அறுபத்தெட்டாம் வருடத்து இரும்பு. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்துபோய் ஆடுகிற சத்தம். அதற்குப் பின்னால் கார்புரேட்டரின் இரைச்சல். அதற்கும் பின்னால், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சகாயராஜ் கடைசியாக அனுப்பிய பதிவில் இருந்தது அப்படியே, அவன் செருமல் உட்பட.

அன்றைக்கு சகாயராஜ் அதைக் குழுவில் போடவில்லை. அவருக்கு மட்டும் அனுப்பியிருந்தான். ஊட்டி மலை ஏறப்போகிறேன், போகலாமா என்று கேட்டிருந்தான். அவர் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். பாதிதான் கேட்டார். சைலன்சர் கிளாம்ப் லூஸ், பயப்படாமல் போ என்று எழுதினார்.

இடது பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மூடுபனி என்று போலீஸ் எழுதிக்கொண்டது. சகாயராஜின் போன் அங்கேயே எங்கோ புதருக்குள் போய்விட்டது. அன்று மாலை அவர் அதே பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். கிளாம்ப் இல்லை, பால் ஜாயின்ட். பிறகு அழித்துவிட்டார்.

வேறு யாருக்கும் தெரியாது.

“உங்களுக்குக் கேக்குதுங்களாண்ணா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சர்வீஸ்காரனே சொல்லிவிட்டான். இவர் காதுதான் கெட்டுப்போயிற்றே. இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, வீட்டைப் பார்க்கப் போய்விடலாம்.

பத்து மணிக்கு சகாயராஜின் மகள் இதில் ஏறுவாள்.

அந்த மலையில் எத்தனை இடது வளைவு என்று அவருக்குத் தெரியும்.

பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

“கேக்குதும்மா,” என்றார். “இதை எடுத்துட்டு மலை ஏறாத. இது சைலன்சர் கிளாம்ப் இல்ல.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஜெசிந்தா வண்டியை ஓரம் கட்டினாள். பட்டனை அழுத்தி அணைத்தாள். எதிரே ஒரு பேக்கரி வாசலில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில்.

“இந்த வண்டிக்கு சைலன்சரே கிடையாதுங்ணா.”

அவள் குரலில் கோபம் இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது, பழைய வண்டிகளோடே இருந்து பழகிய தோஷம் என்று சொல்ல வாயெடுத்தார்.

டக்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. சக்கரம் அசையவில்லை.

ஜெசிந்தா திடுக்கிடவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்காகக் காத்திருப்பது தெரிந்தது.

அவர் ஆரம்பித்தார். அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போனில். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. உதடுதான் அசைந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்ணா. பின்சீட்டுக்கும் கேக்கோணும்.”