தூணடி நெல்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மங்கையர்க்கரசி பழைய ஜமீன் மாளிகையின் கூடத்துக்குள் வந்தாள். மழைக்குப் பயந்து நெல்லை அங்கேதான் பரப்பியிருந்தார்கள். மருந்து படாத நெல் என்று சான்றிதழ் வாங்க மூன்று வருடம் ஆகியிருந்தது.

தேக்குத் தூணில் ஏறிய கரையான் மண்ணைச் சுரண்டப் போனவள், தூணில் காதை வைத்தாள். தினமும் உள்ளே கேட்கும், கரையான் அரிக்கிற சத்தம் இல்லை. காரமான வாடை மூக்கில் ஏறியது.

சன்னலுக்கு வெளியே, குழாயடியில், அவள் கணவர் சேதுராயர் கைக்கு மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு கழுவலையே. தூணுக்கு மருந்தடிச்சீங்களா?”

“நெல்லு அடுத்த போகம் வரும், மங்கை. எங்க பாட்டன் நட்ட தூணு வருமா?”

“கீழ நெல்லு கெடக்குதுல்ல?”

“கொஞ்சம் தெறிச்சிருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?”

அவள் தூணடி நெல்லை அள்ளி முகர்ந்தாள். உதறினாள். மறுபடி அள்ளினாள்.

வாசலில் நெல் ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. மூட்டை பிடிக்கிற பஞ்சவர்ணம் சாக்கோடு வந்து தூணருகே உட்கார்ந்தாள்.

“இங்கேருந்தே அள்ளட்டுமாம்மா?”