வெள்ளரித் துண்டு சாத்திய கதவு

பச்சடிக்கு நறுக்கி வைத்த வெள்ளரித் துண்டுக்கு, தன் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள் இருப்பதில் பெரிய கர்வம். மேலே உப்பு வந்து விழுந்ததும் அது எரிந்து விழுந்தது.

"யார் நீ? என் அறைகள்ல கண்டவனுக்கெல்லாம் இடமில்லை. வெளியிலேயே நில்லு!"

"சரிங்க" என்றது உப்பு. சொன்னபடியே சுவருக்கு வெளியில் நின்றது.

அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. துவண்டுபோன வெள்ளரி ஊரைக் கூட்டியது.

"திருடன்! என் தண்ணியெல்லாம் எடுத்துட்டான், பாருங்க!"

பக்கத்துத் தட்டிலிருந்து வெங்காயம் எட்டிப் பார்த்தது. உப்புக்காகத் தண்ணீர்தான் பேசியது.

"அவர் உள்ளே காலே வைக்கலை. நாங்களாத்தான் வெளியே வந்தோம். நீங்க கதவைச் சாத்தினது அவருக்குத்தானே, எங்களுக்கு இல்லையே. வாசல் வரைக்கும் வந்தவரை நிக்க வெச்சுட்டு, நாங்க எப்படி உள்ளே உட்கார்ந்திருக்க முடியும்?"

வெள்ளரிக்கு மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. வெங்காயம் பார்க்காதபடி முகத்தையாவது திருப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தது. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அந்தத் தெம்பெல்லாம் கிண்ணத்தின் அடியில் உப்போடு பேசிக்கொண்டிருந்தது.