ராணியின் பிறந்தநாள்

“இன்னும் பதினாறு மணி நேரந்தான் இருக்கு. அதுக்குள்ள என் பொஞ்சாதி வாயைத் தொறந்திருவாளா, டீச்சர்?”

சங்கத் தலைவர் சுயம்புலிங்கம் கேட்டதும், மேடையில் ஒத்திகைக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் மனைவி பார்வதியம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

விடிந்தால் சுதந்திர தினம். ஆகஸ்ட் பதினைந்துதான் அவருக்கும் பிறந்தநாள். கொடியேற்றிய கையோடு கேக் வெட்டுவார். தெருவே ‘வாழ்க’ சொல்லும். பத்து வருஷமாகத் தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். விசைத்தறியை விற்றபின் அவருக்கு மிச்சம் அந்தத் ‘தலைவரே’ மட்டும்தான். வருகிற ஞாயிறு தேர்தல். முதல்முறையாக யாரோ எதிர்த்து நிற்பதாகப் பேச்சு. ஆள் யாரென்றுதான் தெரியவில்லை. தூக்கம் போய்விட்டது.

விழாவில் பெண்கள் போடும் நாடகத்தை எழுதியவள் வரலாற்று ஆசிரியை ஹஸ்னா பானு. “சீனாவுல கடைசி ராஜவம்சம், அண்ணாச்சி. ராணி பொறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாம் கொடி கட்டி, பிள்ளைகளைப் பாட வச்சாவ” என்றதுமே அவருக்குப் பிடித்துவிட்டது. முடிவைக் கேட்கவில்லை.

“இது... ராணியோட நாள் இல்ல, நம்ம நாள்” என்று பார்வதியம்மாள் தன் வசனத்தை முணுமுணுத்தாள்.

“ஏட்டி, எறும்புக்கா சொல்லுத? சனத்தைப் பார்த்துச் சொல்லு! நான் இருக்கேம்லா, என்ன பயம்?”

நாலாவது தடவை அவள் குரல் தெருமுனை விளக்குக் கம்பம்வரை போனது. அந்த விளக்கு எரியாமல் போய் மூன்று வருஷமாகிறது. பெண்கள் கேட்கும்போதெல்லாம் தலைவர் ‘பார்ப்போம்’ என்பார்.

“அப்படிப் போடு!” கைதட்டிவிட்டுத் திரும்பினார். “ஆமா டீச்சர், பொறவு அந்த ராணிக்கு என்ன ஆச்சு?”

“கூடிக் கூடிப் பாடுன பிள்ளைகளுக்கு, நாடு ராணிது இல்ல, நம்மதுன்னு தோணிட்டு, அண்ணாச்சி. கொஞ்ச வருஷத்துல அந்த ராஜாங்கமே போயிட்டு.”

அவர் முகம் சுருங்கியது.

“அது சீனாக்காரன் கதை. இங்கன எவன் என்னை எதிர்த்து நிக்கான்? தைரியம் இருந்தா மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும்!”

ஹஸ்னா பானு தரையைப் பார்த்தாள்.

பார்வதியம்மாள் சேலைத் தலைப்பை விட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, தெருமுனைவரை கேட்கும்படி சொன்னாள்:

“நான்தாங்க நிக்கேன்.”