பாதி எழுந்த காது

காட்டுப்பன்றிகள் வானத்துக்கு உதைக்கும் பந்தைப் பிடித்து, எதிர்க்கோடு வரை ஓடுவது முயலின் வேலை. பாய்ந்து வரும் பன்றிகளை மறித்து அதற்கு வழி உண்டாக்குவது கழுதையின் வேலை. பந்து இறங்கும் முன் முயல் ஒரு காதைத் தூக்கிவிட்டால் ஓட்டமும் கிடையாது, மோதலும் கிடையாது. எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும்.

"தம்பி, இன்னைக்கு முன்னங்காலை ஊனவே முடியல. காதைத் தூக்கிடுறியா?" என்று கேட்டது கழுதை.

"சரிண்ணே" என்றது முயல்.

கழுதை எப்போதும்போல முயலுக்கு முதுகைக் காட்டி, பன்றிகளைப் பார்த்து நின்றது. பந்து மேலே போனது. "ஓடு, ஓடு!" என்று காடே கத்தியது. முயலின் காது பாதி எழுந்து மடங்கிவிட்டது.

எதிர்க்கோட்டைத் தாண்டிய முயலைக் குரங்குகள் தோளில் தூக்கிவைத்து ஆடின. அது ஒருவழியாக இறங்கி ஓடி வந்தபோது, கால் முறிந்து மயங்கிக் கிடந்த கழுதை அப்போதுதான் கண் திறந்தது.

"அண்ணே..." என்று அழுதது முயல்.

"அழாதடா. நீ காதைத் தூக்கித்தான் இருப்பே, எனக்குத் தெரியாதா? அந்தப் பன்னிங்கதான் பார்க்காம மோதிடுச்சுங்க."

"ஆமாண்ணே" என்றது முயல்.