வெளியே ஓடிய வயர்

"வீடு முழுக்க வயர் சுவருக்குள்ள போகுது. இது மட்டும் ஏன் வெளிய?" குறிஞ்சாக்கேணிப் புதுவீட்டின் அழகு கெட்ட கவலை ஸாஜித்துக்கு.

"பல்ப் நம்மட குசினியில அடுப்புக்கு மேல, சுவிட்ச் பின்வளவில என்ட உம்மாட வீட்டில. அவக்கு ஒரு அவசரமெண்டா போடத்தான். வயசுபோன மனுசியெல்லோ?" என்றாள் மனைவி ஷாமிலா.



வெள்ளிக்கிழமை ஷாமிலா குளித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குசினி பல்ப் எரிந்தது. ஸாஜித் செருப்பும் போடாமல் பின்வளவுக்கு ஓடினான்.

மாமி அடுப்படியில் திடகாத்திரமாக நின்றார். தட்டு நிறையப் பொரித்த இறால்.

"கோவிக்காதீங்க மகன். பொரிச்சு இறக்கினதும் லைட்டைப் போடச் சொன்னது ஷாமிலாதான். ஆறினா தின்னமாட்டா."

ஸாஜித் தட்டைக் காலியாக்கிவிட்டு வீட்டுக்கு வயரிங் செய்த பாஸை போனில் பிடித்தான்.

"பாஸ், அந்த லைனில என்ட அறைக்கும் ஒரு பல்ப் போடோணும். வயர் வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்ல."