மூன்று வயதில் செத்த பாட்டி

இஷ்பெல் நிக்கல்சன் மூன்றாவது வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். இருபத்திரண்டாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டுமே பதிவேட்டில் அழகான கையெழுத்தில் இருந்தன.

"அப்பா பேர், அம்மா பேர், வீடு எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்," என்றான் பதிவாளர் டார்க்வில். "உங்க பாட்டி செத்தும் அடங்கலை போல."

எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கும் இஷ்பெல் என்றுதான் பெயர், வயது அறுபத்திரண்டு. லூயிஸ் தீவில் மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர். பெற்றவர்கள் உட்கார்ந்து யோசிக்கிற வேலையை ஊர் மிச்சப்படுத்திவிட்டது.

தேடலில் அவளுக்கு ஒன்றும் பெரிய ஆர்வமில்லை. கனடாவுக்குப் போன தம்பி நீல், வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு வம்சப் படம் கேட்டிருந்தான். அம்மாவின் பிறந்தநாளை மறந்துபோனவனுக்குப் பாட்டியின் பிறந்தநாள் அவசரமாகத் தேவைப்பட்டது. அம்மாவின் ஆறாவது வயதிலேயே பாட்டி போய்விட்டதால், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதனால் இஷ்பெல் மாதம் ஒருமுறை ஸ்டோர்னவே பதிவு அலுவலகத்துக்குப் பேருந்து பிடித்து வந்து, செத்தவளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க வந்துட்டா அங்க அம்மாவை யார் பார்த்துக்கறா?"

"பக்கத்து வீட்டு மேரியன்."

"முதியோர் இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்காமே. தொண்ணூத்திரெண்டு வயசு. இன்னும் எத்தனை நாளைக்கு நீங்களே தூக்கி இறக்குவீங்க?"

"நீலும் அதையேதான் எழுதறான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்." இஷ்பெல் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். "அம்மாவுக்கு எங்கப்பா பேர் மறந்துபோச்சு டார்க்வில். பாதிரியார் வந்தா பால்காரன்னு நினைச்சு, நேத்துப் பால் திரிஞ்சுபோச்சுன்னு சண்டைக்குப் போறாங்க. மிச்சம் இருக்கறது என் பேர் ஒண்ணுதான். விடிஞ்சா இஷ்பெல், பொழுது சாய்ஞ்சா இஷ்பெல். பக்கத்துல போய் நின்னாக்கூட நிறுத்த மாட்டாங்க, வாசக்கதவைப் பார்த்துக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. கண்ணு அவ்வளவு மங்கிப்போச்சு. அவங்களைக் கொண்டுபோய் எவளோ ஒரு நர்ஸ்கிட்ட விடச் சொல்றியா?"

டார்க்வில் நாலாம் வகுப்பில் அவள் கையால் தோல்வாரடி வாங்கியவன். அவசரமாக அடுத்த ஊர்ப் பதிவேட்டைத் திறந்தான்.

அந்த வாரடிக்காகத்தான் அவளைத் தீவு முழுக்கத் தெரியும். தெற்கே ஹாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு படகுக்காரர் அவளைப் பெண் கேட்டு இரண்டு முறை வந்ததும், அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று இரண்டு முறையும் அவள் தேநீர் கொடுத்து அனுப்பியதும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

"இதோ, மாட்டிக்கிட்டாங்க," என்றான் டார்க்வில். "செத்து ஏழு மாசம் கழிச்சு இன்னொரு இஷ்பெல். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க, அதான் நம்ம ஊர்க் கணக்குல சிக்கலை. இவதான் உங்க பாட்டி."

"அப்போ செத்தவ?"

"பாட்டியோட அக்கா. மூத்தது போயிடுச்சு, அடுத்து வந்த பொண்ணுக்கு அதே பேரை வச்சுட்டாங்க. இல்லேன்னா அம்மாவைப் பெத்த கிழவி பேர் விட்டுப்போயிடுமே. ஒரு வீட்ல வரிசையா மூணு டொனால்டு பார்த்திருக்கேன், மூணாவதுதான் நிலைச்சான்."

"அக்கா கோட்டைத் தங்கச்சிக்குப் போட்டுவிடற மாதிரி," என்றாள் இஷ்பெல்.

"நம்ம ஆளுங்க எதை வீணாக்கியிருக்காங்க, பேரை வீணாக்க?"

பல மாதங்களுக்குப் பிறகு இஷ்பெல் வாய்விட்டுச் சிரித்தாள். நீலுக்கு ஒரு நகல் எழுதி வாங்கிக்கொண்டாள். பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். முதியோர் இல்லத்துக்கு முடியாது என்று இன்றைக்கே எழுதிப் போட்டுவிட வேண்டியது.

வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்டது. "இஷ்பெல். இஷ்பெல்."

"மதியத்துலேர்ந்து இதே பாட்டுதான்," என்று மேரியன் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். "கொடுத்துவச்சவ நீ. என்னைப் பெத்தவ என்னைக் கழுதைன்னுதான் கூப்பிட்டா."

இஷ்பெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணப்பருகே மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டேம்மா. உங்க அம்மாவைக் கண்டுபிடிச்சாச்சு. முதல்ல ஒரு இஷ்பெல் இருந்து, மூணு வயசுல போயிட்டாளாம். அந்தப் பேரைத்தான் உங்கம்மாவுக்கு வச்சாங்களாம்."

கிழவி கூப்பிடுவதை நிறுத்தினாள். கதவிலிருந்து பார்வையை எடுத்து, மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். மங்கிய கண் மாதிரி இல்லை.

"நானும்தான் வச்சேன்," என்றாள். "அதே பேரை இதுக்கும் வை, மனசு ஆறிடும்னார் உங்கப்பா. பழசைப் பேசக் கூடாதுன்னும் சொல்லிட்டார். நான் பேசலை."

"யாரைப் பத்திம்மா?"

"கக்குவான்ல போனவ. நாலு வயசு. நீ அப்போ என் வயித்துல."

கணப்பில் எரிந்துகொண்டிருந்த ஒரு கரிக்கட்டி சரிந்து விழுந்தது. பிடித்த கையை இஷ்பெல் விடவில்லை.

அம்மாதான் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ ஏன் எந்திரிச்சு வர்றே? நான் உன்னைக் கூப்பிடலையே."